பாஞ்சாலங்குறிச்சிக்கு அரை மதிப்பெண்

ஆற்றங்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

பாளையங்கோட்டையில் இருக்கிறோம். மகள் பத்தாம் வகுப்பு. போன வாரம் சமூக அறிவியல் விடைத்தாளைக் கையெழுத்துக்காக நீட்டினாள். கட்டபொம்மனுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் மோதல் ஏற்பட்டதற்கான காரணங்களைக் கேட்டு ஐந்து மதிப்பெண் வினா ஒன்று. முதல் பத்தி அப்படியே புத்தகம். அதன் கீழே தன் போக்கில் மூன்று வரி எழுதியிருக்கிறாள்: "ஆர்க்காட்டு நவாப் வாங்கிய கடனுக்காகக் கப்பம் வசூலிக்கும் உரிமை கம்பெனிக்குப் போய்விட்டது. கட்டபொம்மன் கம்பெனியிடம் கடன் வாங்கவில்லை. கப்பப் பணத்தைக் கடைசியில் கொடுத்தது கரிசல் காட்டில் பருத்தி போட்ட சம்சாரிதான்."

அந்த மூன்று வரியின் மேலும் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் "புத்தகத்தில் உள்ளதை மட்டும் எழுதவும்." ஐந்துக்கு நாலரை.

அரை மதிப்பெண் போனால் போகிறது. அந்தக் கோடுதான் மனதை உறுத்துகிறது. அவள் எழுதியதில் தப்பு எங்கே இருக்கிறது? 1792 ஒப்பந்தத்தில்தான் பாளையக்காரர்களிடம் நேரடியாகக் கப்பம் வாங்கும் உரிமை கம்பெனிக்கு வந்தது. அந்த உரிமை நவாப் கையைவிட்டுப் போனதற்குக் காரணம் அவருடைய கடன். இதைச் சொல்லாமல் வெள்ளைக்காரர் கெட்டவர், கட்டபொம்மன் வீரர், இடையில் ஒரு தூக்குக்கயிறு என்று சொல்லிக்கொடுத்தால், பேரரசு எப்படி நடந்தது என்று பிள்ளைக்கு எப்போது தெரியும்? நானும் அப்படித்தான் படித்தேன். 1799, கயத்தாறு, புளியமரம். நாற்பது வயதுக்கு மேல்தான் "ஏன் கயத்தாறு?" என்று கேட்கத் தோன்றியது.

உங்கள் வீட்டில், உங்கள் பள்ளியில் எப்படி?

சங்கரன்கோவில் வாத்தியார்

தம்பி, கோடு போட்டவரைத் திட்டுவதற்கு முன்னால் அவர் நாற்காலியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். முப்பத்தொரு வருடம் உட்கார்ந்தவன் சொல்கிறேன். பொதுத்தேர்வில் உங்கள் மகளின் தாள் வேறு மாவட்டத்தில் யாரோ ஒருவர் மேசைக்குப் போகும். அவர் கையில் விடைக்குறிப்பு இருக்கும். அதில் இல்லாத வரியை அவர் படித்து ரசித்துக்கொண்டிருக்க மாட்டார். அந்த ஆசிரியர் உங்கள் பிள்ளையைக் காப்பாற்றத்தான் கோடு போட்டிருக்கிறார். முறை எனக்கும் பிடிக்காது. காரணம் புரிகிறது.

இன்னொன்று. பாடப்புத்தகத்தை வெறும் கூடு என்று நினைத்துவிடாதீர்கள். நான் பணியில் சேர்ந்தபோது இருந்த புத்தகத்தில் புலித்தேவருக்கு நாலு வரி. இப்போது எட்டிலும் பத்திலும் பாளையக்காரர்களுக்குத் தனிப் பாடமே இருக்கிறது. 1798 மே 31 அன்று கட்டபொம்மன் பாக்கி 3310 பகோடா (அந்தக் காலத் தங்க நாணயம்) என்று கணக்கு இருக்கிறது. கலெக்டர் ஜாக்சன் அவரைத் தன் பின்னால் 23 நாள் 400 மைல் அலையவிட்டது இருக்கிறது. பாக்கியில் பெரும்பகுதியைக் கட்டி 1080 பகோடாதான் மிச்சம் இருந்தது என்பதும் இருக்கிறது. பிறகு ஜாக்சனைத் தூக்கிவிட்டு லூஷிங்டனைப் போட்டார்கள். இதைவிட நல்ல பாடம் கேட்டால் கிடைக்காது. ஆனால் கேள்வியாக வருவது "கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடம் எது?" என்ற கோடிட்ட இடம்தான். காளையை வாங்கிவிட்டுக் கயிற்றை மட்டும் வீட்டுக்குப் பிடித்துக்கொண்டு வந்த கதை.

நான் என்ன செய்தேன் என்றால், மாவட்ட வரைபடத்தைப் பலகையில் ஒட்டி, அந்த 23 நாள் வழியைப் பிள்ளைகளையே வரையச் சொல்வேன். குற்றாலம், சொக்கம்பட்டி, சிவகிரி, திருவில்லிபுத்தூர், கமுதி, ராமநாதபுரம். சொக்கம்பட்டியிலிருந்து வந்த பையன் ஒருவன் எழுந்து "சார், எங்கள் ஊருக்கு வந்தும் கலெக்டர் பார்க்கவில்லையா?" என்றான். அவனுக்குச் சுருக்கென்று பட்டது, கட்டபொம்மன் தன் வீட்டு வாசலில் காத்திருந்த மாதிரி. அவமானத்தால் ஆள்வது என்றால் என்ன என்று அன்று நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

வரைந்து முடிக்க ஒரு பீரியட் ஆகும். அந்த ஒரு பீரியடுக்காகத் தலைமையாசிரியரிடம் எத்தனை முறை நின்றிருக்கிறேன் என்பது வேறு கதை.

கரிசல்மண்

எனக்கு ஊர் எட்டயபுரம். இதற்கு மேல் நான் எதுவும் எழுத வேண்டாம், புரிந்திருக்கும். பாளையங்கோட்டைக் கல்லூரியில் சேர்ந்த முதல் நாள் வருகைப்பதிவு எடுக்கும்போது ஊரைச் சொன்னேன். பின்வரிசையிலிருந்து "எட்டப்பன்!" மூன்று வருடமும் அதுதான் என் பெயர். அதே ஊரில்தான் பாரதி பிறந்தார். என்னை ஒருவன்கூடப் "பாரதி" என்று கூப்பிடவில்லை.

எங்கள் பாளையம் கம்பெனி பக்கம் நின்றது, மறுக்கவில்லை. பாஞ்சாலங்குறிச்சி விழுந்த பிறகு அதன் நிலத்தில் பங்கும் வந்தது. ஆனால் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். அது புத்தகத்திலேயே இருக்கிறது. 1959இல் வந்த படத்தைப் பார்த்த கண்ணுக்கு அந்த வரி தெரிவதில்லை. பள்ளிக்கூடம் ஒரு பக்கம் எழுதினால் சினிமா நாலு வரி வசனத்தில் அதை அழித்துவிட்டுப் போய்விடுகிறது.

துரோகி என்ற சொல்லை வைத்துக்கொண்டு பேரரசைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் கட்சி. ஒரு பாளையத்துக்குப் பக்கத்துப் பாளையத்தோடு எல்லைத் தகராறு இருந்தது, கொடுக்கல் வாங்கல் இருந்தது, பழைய பகை இருந்தது. கம்பெனி அதைத்தான் பயன்படுத்திக்கொண்டது. சில ஆயிரம் மைல் தள்ளி இருந்து வந்த வியாபாரக் கூட்டம் இங்கே நின்று நிலைத்ததற்கு அதன் துப்பாக்கி பாதிக் காரணம் என்றால், நமக்குள் இருந்த கணக்குவழக்கு மீதிக் காரணம். பள்ளியில் இதைச் சொல்லலாம். சொன்னால் "எட்டப்பன்" என்று கூப்பிடுகிற பையனுக்குத் தன் ஊர்ப் பாளையம் அப்போது எந்தப் பக்கம் நின்றது என்று தேடத் தோன்றும். தேடினால் வாயை மூடிக்கொள்வான்.

ஒரு கதை சொல்கிறேன். 1801 மே 24இல் கோட்டை இரண்டாம் முறை விழுந்தது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை காயத்தோடு கிடந்தார். தன் மகனைத் தேடி வந்த ஒரு தாய் அவரைத் தூக்கிக்கொண்டு போய் வைத்துக் காப்பாற்றினாள். எங்கள் எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது, பெண்கள் அவர் மேல் துணியைப் போர்த்தி, வைசூரியில் போய்விட்டான் என்று ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் ஓடினார்கள். இதை எழுதி வைத்தவர் கம்பெனிப் படையில் சண்டை போட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி. 1830இல் வந்த நினைவுக் குறிப்பில் இருக்கிறது. ஊமைத்துரையை அவர் வியந்து வியந்து எழுதுகிறார். இந்த ஒரு கதையை வகுப்பில் வைத்தால் போதாதா? அந்தத் தாயின் பெயர் ஏன் இல்லை, எதிரி ஏன் புகழ்கிறான், எட்டயபுரத்து ஆள் அம்மைக்குப் பயந்தானா அல்லது தெரிந்தே விட்டுவிட்டுப் போனானா? (கடைசிக் கேள்வி என் ஊர்ப் பாசம். மன்னிக்கவும்.)

அல்வா

ஆக, நம் கோட்டைக் கதையைக் கோட்டையை இடித்தவரிடம் போய்க் கேட்டுக்கொள்ள வேண்டும் என்கிறீர்கள்.

கரிசல்மண்

இடித்து, உழுது, ஆமணக்கு விதைத்து, ஊர்ப் பெயரையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள் அண்ணாச்சி. வேறு யாரிடம் கேட்பது? நம்மிடம் கதைப்பாடல் இருக்கிறது. அதையும் வகுப்பில் பாடட்டும். ஆனால் பாட்டு எந்தப் பாடம், வரலாறா தமிழா என்று இரண்டு ஆசிரியர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

இடையன்குடி பேரன்

எல்லோரும் கோட்டையையே சுற்றுகிறீர்கள். கோட்டைக்குள் விடப்படாதவர்களின் பேரப்பிள்ளைகளும் இந்த மாவட்டத்தில்தான் படிக்கிறோம்.

எங்கள் ஆச்சியின் தாய்க்குக் கால்டுவெல் வீட்டம்மாள் எலிசா தொடங்கிய லேஸ் பள்ளியில்தான் கையில் முதல் காசு வந்தது. பனையேறிக் குடும்பம். மிஷன் பள்ளிக்கூடம் இல்லையென்றால் நான் இந்த வரியை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். மிஷனரி ரேனியஸ் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்ததும், பிறகு இந்த ஊரே பள்ளிக்கூடமாக நிறைந்ததும் காலனி ஆட்சியின் கணக்கில் எந்தப் பக்கம் வரும்? பாடத்தில் "மேற்கத்தியக் கல்வியின் விளைவுகள்" என்று ஒரு தலைப்பு, அதன் கீழ் நாலு குறிப்பு. பாளையக்காரர் காலத்தில் என் முன்னோர் எந்தத் தெருவில் நடக்க முடிந்தது என்று எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. பாளையக்காரர்களும் காவல் என்ற பெயரில் ஊர் ஊராக வசூல் செய்தவர்கள்தான். கம்பெனி அதை ஒழித்தபோது அழுதவர் யார், அழாதவர் யார்?

வெள்ளைக்காரருக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அதே கால்டுவெல் 1849இல் எங்கள் மக்களைப் பற்றி இழிவாக எழுதி வைத்தார். பிற்காலத்தில் எங்கள் முன்னோரே அதை எதிர்த்து மனுமேல் மனுவாகப் போட்டார்கள். கொடுத்த பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, கொடுத்தவரையே கேள்வி கேட்டார்கள். எங்கள் வீட்டில் அவர் படமும் தொங்குகிறது, அந்தக் கோபமும் இருக்கிறது. இதை ஐந்து மதிப்பெண்ணில் எப்படி எழுதுவது என்று வாத்தியார் ஐயா சொல்லட்டும்.

சங்கரன்கோவில் வாத்தியார்

எழுத முடியாது. எட்டு மதிப்பெண் கொடுத்தாலும் முடியாது.

டீச்சரம்மா

நான் இப்போதும் பணியில் இருப்பவள், அரசுப் பள்ளி, எட்டாம் வகுப்பு. ஒரு நாள் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பலகையில் "காலனி ஆதிக்கம்" என்று எழுதினேன். திரும்புவதற்குள் பின்னால் கிசுகிசு. இரண்டு பையன்கள் சிரிப்பை அடக்குகிறார்கள். மூன்றாம் வரிசையில் ஒருவன் தலையைக் குனிந்து பெஞ்சில் எதையோ சுரண்டிக்கொண்டிருக்கிறான். எனக்குப் புரியவே ஒரு நிமிடம் ஆனது. அவன் வீடு ஊருக்குத் தள்ளி, கிழக்கே உள்ள காலனியில். நம் பக்கத்தில் காலனி என்றால் என்ன அர்த்தம் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நான் எழுதிய இரண்டு சொல்லுக்கு அந்த வகுப்பில் வேறு பொருள் விழுந்துவிட்டது. அழித்துவிட்டு "குடியேற்ற ஆட்சி" என்று எழுதினேன். பிறகு அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அரை மணி நேரம் பேசினேன். அன்றைய பாடம் அன்று முடியவில்லை. அந்தப் பையன் பீரியட் முடியும்போது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

புலித்தேவர், கட்டபொம்மன், சுந்தரலிங்கம், அழகுமுத்துக்கோன், வ.உ.சி., வாஞ்சி. ஒவ்வொரு பெயரைச் சொல்லும்போதும் வகுப்பில் ஒவ்வொரு மூலையிலிருந்து கைதட்டு வருகிறது. எந்த மூலையிலிருந்து எந்தப் பெயருக்கு வரும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும், மணிக்கட்டில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறத்தைப் பார்த்தாலே போதும். சாமியைப் பங்குபோட்டது போல வரலாற்றையும் பங்குபோட்டு வைத்திருக்கிறோம். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் பஸ்ஸில் கட்டபொம்மன் பெயர் இருந்தது. மாவட்டமே நெல்லை கட்டபொம்மன் மாவட்டம், பக்கத்தில் சிதம்பரனார் மாவட்டம். 1997இல் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் என்றதும் எழுந்த கலவரத்தில் எல்லாப் பெயர்களையும் எடுத்துவிட்டார்கள். கம்பெனியை எதிர்த்து ஒரே கோட்டையில் நின்றவர்கள் பெயர்கள் இரண்டு பஸ்ஸில் ஓட முடியவில்லை. இதையும் நான் பாடமாக நடத்த நினைக்கிறேன். துணிச்சல் வரவில்லை.

நடுவர்

சாதிப் பெயர் சொல்லி எழுதிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். டீச்சரம்மா எழுதியதை ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டுப் பதில் போடுங்கள்.

லெஸ்டர் நெல்லையப்பன்

பேட்டையில் பிறந்து இங்கிலாந்தில் பன்னிரண்டு வருடமாக இருப்பவன். ஆண்டவர்கள் ஊரில் இதை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேட்பீர்கள் என்பதால் முந்திக்கொள்கிறேன்.

இங்கே தேசியப் பாடத்திட்டத்தில் பதினொன்று முதல் பதினான்கு வயதுக்கான வரலாற்றில் எல்லோரும் கட்டாயம் படிக்க வேண்டிய நிகழ்வு ஒன்றே ஒன்று, யூதப் படுகொலை. பேரரசு எடுத்துக்காட்டுத் தலைப்புகளில் ஒன்றாக இருக்கிறது. பள்ளி விரும்பினால் நடத்தலாம். என் மகனுக்கு அட்லாண்டிக் அடிமை வணிகம் ஆறு வாரம் நடந்தது, நன்றாகவே நடத்தினார்கள். இந்தியா என்று வந்தது ஒரே ஒரு பக்கம், அதில் பாதி ரயில் படம். ரயிலைக் கண்டு அவன் பெருமையோடு என்னிடம் வந்தான். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876இல் ரயில் வந்தது, துறைமுகத்துக்குப் பருத்தி போனது என்று சொன்னேன். "அப்படியானால் நல்லதுதானே அப்பா?" என்றான். பருத்தி இங்கிருந்து போய், துணியாகத் திரும்பி வந்து நம்மிடமே விற்றதை விளக்கினேன். அவன் மான்செஸ்டருக்குப் போயிருக்கிறான், அந்தப் பழைய ஆலைக் கட்டடங்களைப் பார்த்திருக்கிறான். இரண்டையும் முடிச்சுப் போட அவனுக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை.

நம் ஊரில் குற்றம் மனப்பாடம் என்றால் இங்கே குற்றம் மறதி.

இடையன்குடி பேரன்

ஆலை என்றதும் நினைவு வருகிறது. ஹார்வி ஆலைகள் பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் இங்கேயே வந்துவிட்டனவே. 1908இல் கோரல் ஆலை வேலைநிறுத்தத்தை வ.உ.சி. நடத்தினார். "கப்பலோட்டிய தமிழன்" என்று முடித்துவிடுகிறோம். கப்பலைவிட அந்த வேலைநிறுத்தம்தான் கலெக்டருக்கு வயிற்றைக் கலக்கியது என்று நான் நினைக்கிறேன். மார்ச் 12இல் அவரைப் பிடித்தார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கடை அடைப்பு, நகராட்சி அலுவலகத்துக்குத் தீ, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் சாவு. பெயர் தெரிந்த தலைவர் ஒருவரும் அன்று தெருவில் இல்லை. ஊர் தானாகவே எழுந்தது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மார்ச் 13 தெரியும்?

மலைக்காரி

மாஞ்சோலையில் பிறந்தவள். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 வருடக் குத்தகைக்கு 8373 ஏக்கர் எடுத்து ஒரு பம்பாய்க் கம்பெனி தேயிலை போட்டது. தாத்தாவை மலையில் ஏற்றியது வெள்ளைக்காரர் காலம், எங்களை இறக்கிவிட்டது நம் காலம். 1947 என்று பாடத்தில் ஒரு கோடு போடுகிறார்கள் அல்லவா, அந்தக் கோடு எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் எங்கே விழுந்தது என்று நான் தேடிப் பார்த்திருக்கிறேன். குத்தகை 2028 வரை என்று தாளில் இருக்கிறது.

பள்ளியில் தேயிலை என்றால் புவியியல். மலைச்சரிவு, மழையளவு, ஏற்றுமதி. வரலாற்று ஆசிரியர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை.

அல்வா

சிரிப்பதற்கு வந்தேன். போய்விட்டேன்.

ஆற்றங்கரையான்

எல்லோருக்கும் நன்றி சொல்லத்தான் வந்தேன், ஆனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மகளை ஆற்றுப் பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வெள்ளைக்காரர் கட்டிய பாலம் என்றுதான் எங்கள் தெருவில் எல்லோரும் சொல்வோம். ஹார்ஸ்லி என்ற ஆங்கிலேயர் வரைபடம் போட்டார், உண்மை. 1843இல் திறந்தபோது அதற்குப் பணம் கொடுத்தவர் கலெக்டர் அலுவலகத்தில் வேலை பார்த்த சுலோசன முதலியார். அரசாங்கம் கைவிரித்ததால் தன் சொத்தைப் போட்டார். "அப்படியென்றால் வரி வாங்கினார்களே, அது எங்கே போனது?" என்று பாலத்தின் நடுவில் நின்று கேட்டாள். லாரி சத்தத்தில் பதில் சொல்லாமல் தப்பித்துக்கொண்டேன்.

அங்கிருந்து பாளையங்கோட்டை ஆங்கிலக் கல்லறைத் தோட்டம். வாஞ்சி சுட்டுக்கொன்ற கலெக்டர் ஆஷ் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தாள். 1911 ஜூன் 17, மணியாச்சி, அதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதம் பாடத்தில் இல்லை என்றதும், கைபேசியில் தேடி அங்கேயே நின்று படித்தாள். "மிலேச்சன்" என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டாள், சொன்னேன். சனாதன தர்மம் பற்றிய வரியைத் திரும்ப ஒருமுறை படித்தாள். "இவர் நல்லவரா கெட்டவரா?" என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். "இந்தக் கடிதத்தை மூன்றாம் வரிசைப் பையன் படித்தால் என்ன நினைப்பான்?" என்றாள். டீச்சரம்மா, உங்கள் பதிவை அவளுக்குப் படித்துக் காட்டியிருந்தேன்.

அரை மதிப்பெண்ணுக்காக நான் பள்ளிக்குப் போகவில்லை. அவளே போய்க் கேட்டிருக்கிறாள். அந்த ஆசிரியர் தாளை வாங்கி, கோடு போட்ட மூன்று வரியையும் படித்துவிட்டு, "பொதுத்தேர்வு முடியும்வரை இப்படி எழுதாதே. முடிந்ததும் வந்து இதை எனக்குச் சொல்லிக்கொடு" என்றாராம்.

சங்கரன்கோவில் வாத்தியார்

சொன்னேன் அல்லவா, தம்பி.

வருகிற இரண்டாம் சனிக்கிழமை பாஞ்சாலங்குறிச்சி போகலாம் என்று நினைக்கிறேன். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். அரசு 1974இல் கட்டிய நினைவுக் கோட்டையை அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். எனக்குக் காட்ட வேண்டியது பழைய மேடும், கோட்டையைப் பிடிக்க வந்து செத்த கம்பெனிக்காரர்களின் கல்லறைகளும். எட்டயபுரத்துக்காரர் கட்டாயம் வர வேண்டும், வைசூரிக் கதையை அந்த இடத்தில் நின்று சொல்ல வேண்டும். ஒட்டப்பிடாரத்தில் இறங்கினால் அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். தண்ணீர் கொண்டு வாருங்கள், நிழலை எதிர்பார்க்க வேண்டாம்.

கரிசல்மண்

வருகிறேன் ஐயா. ஆனால் பஸ்ஸில் ஊர் கேட்டால் கோவில்பட்டி என்றுதான் சொல்வேன்.

மலைக்காரி

நான் கல்லிடைக்குறிச்சியிலிருந்து வர வேண்டும். முதல் பஸ்ஸைப் பிடித்தால் எத்தனை மணிக்கு ஒட்டப்பிடாரம் சேரலாம்?